சயின்ஸ் பசங்களுக்கு எதுக்கு சார் கட்டுரை?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க பாதியை இன்னைக்கும் மீதியை நாளைக்குமா படிச்சுக்கலாம். மேட்டர் அமெரிக்காவுல இருக்கிற லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்களைப் பத்தி. அங்க பிசிக்ஸ், கணக்கு, கம்ப்யூட்டர்னு படிக்கப் போற பசங்களையும் விடாம உட்கார வெச்சு, பக்கம் பக்கமா எழுத வைக்கிறாங்க. எழுதாம டிகிரி கிடையாது. இது நியாயமா, இல்ல சும்மா படுத்தலா? என்னோட பதில், நியாயம்தான். ஆனா எப்படி எழுத வைக்கிறாங்கங்கறதைப் பொறுத்து, சில இடத்துல அது வெட்டி வேலையாவும் போயிடுது.

சென்னையில உட்கார்ந்து கோட் தட்டிட்டு இருக்கிற உனக்கு இதுல என்ன அக்கறைன்னு கேப்பீங்க. எங்க பெரியம்மா பொண்ணு நியூ ஜெர்சியில இருக்காங்க. அவங்க பையன் பன்னெண்டாவது. கணக்குன்னா அவனுக்குச் சோறு தண்ணி வேணாம். போன மாசம் போன்ல, "மாமா, நீங்க இஞ்சினியர்தானே, ரைட்டிங் தொல்லை கம்மியா இருக்கிற காலேஜா ஆறு எடுத்து வெச்சிருக்கேன், பாத்துச் சொல்லுங்க"ன்னான். பின்னாடியிருந்து அக்கா, "டேய் தம்பி, அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுடா, கட்டுரைன்னாலே காத தூரம் ஓடறான்"னு சத்தம் போட்டாங்க. லிஸ்ட்ல என்ன இருந்துச்சு தெரியுமா? ஸ்வார்த்மோர், கார்ல்டன், ரீட், ஹார்வி மட், ஆம்ஹர்ஸ்ட், கிரின்னல். பேய்க்குப் பயந்தவன் சுடுகாட்டுக்குப் பக்கத்துல வாடகைக்கு வீடு பாத்த கதை :-)

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். லிபரல் ஆர்ட்ஸ்னதும் நம்மாளுங்க "ஓ, பி.ஏ. காலேஜா"ன்னு நினைச்சுக்குவாங்க. இல்லீங்க. பெரும்பாலும் இளங்கலை மட்டும் நடத்துற சின்னக் காலேஜ்கள் இவை. மொத்தமாவே ரெண்டாயிரம் பேர் சுமாருக்குத்தான் இருப்பாங்க. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு, உயிரியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் உண்டு. ஸ்வார்த்மோர்ல இஞ்சினியரிங்கே இருக்கு. ஓரிகன் மாநிலம் போர்ட்லண்ட்ல இருக்கிற ரீட் காலேஜ்ல ஒரு ஆராய்ச்சி அணு உலை இருக்கு, 1968லேர்ந்து ஓடுது, அதை இயக்குறதே லைசென்ஸ் வாங்கின இளங்கலைப் பசங்கதான். (நம்ம ஊர்ல லேப்ல ஆசிலோஸ்கோப்பைத் தொடறதுக்கே அட்டெண்டர் அனுமதி வேணும்.) ஆக, இது சயின்ஸ் தெரியாதவங்க ஒதுங்குற இடம் கிடையாது.

இப்ப அந்த எழுத்துக் கட்டாயம் எப்படியிருக்கும்னு பாப்போம். காலேஜுக்குக் காலேஜ் மாறும்.

கேட்டவுடனே சுளுவாத் தெரியறது ஆம்ஹர்ஸ்டும் கிரின்னலும். ஆம்ஹர்ஸ்ட்ல இதைப் படி, அதைப் படின்னு பொதுக் கட்டாயமே கிடையாது, முதல் வருஷம் ஒரு செமினார் மட்டும். அயோவாவுல இருக்கிற கிரின்னலும் கிட்டத்தட்ட அப்படித்தான், முதல் வருஷ டியூட்டோரியல் ஒண்ணு. நம்ம பையன் இதை "ஒரே ஒரு கோர்ஸ், தப்பிச்சோம்"னு படிச்சிருக்கான். அந்த ஒண்ணுலயே எழுதி, திருத்தி, மறுபடி எழுதி நாக்கு தள்ளும்ங்கறது தனி. அதுக்கு அப்புறம் பிசிக்ஸோ கெமிஸ்ட்ரியோ எடுத்தா அங்கயும் லேப் ரிப்போர்ட், செமினார் பேப்பர்னு வந்துட்டேதான் இருக்கும். சட்டத்துல இல்லாதது பாடத்துல இருக்கும்.

ஸ்வார்த்மோர்ல கணக்கு வெளிப்படை. எழுத்துக் கோர்ஸ்னு குறி போட்ட கோர்ஸ்கள்ல மூணு முடிக்கணும், அந்த மூணும் ஒரே பக்கத்துலேர்ந்து வரக்கூடாது, குறைஞ்சது ரெண்டு பிரிவுலேர்ந்து வரணும். உயிரியல்லயும் அப்படிக் குறி போட்ட கோர்ஸ் உண்டுங்கறதுதான் இங்க கவனிக்க வேண்டியது. கலிஃபோர்னியாவுல இருக்கிற ஹார்வி மட் காலேஜ், பேர்தான் லிபரல் ஆர்ட்ஸ், உள்ள முழுக்க முழுக்க கணக்கு, சயின்ஸ், இஞ்சினியரிங் பசங்கதான். அங்கயும் முதல் செமஸ்டர்ல அரை செமஸ்டர் எழுத்துக் கோர்ஸ் ஒண்ணு எல்லாருக்கும் உண்டு. அதுல ஒரு அருமையான விஷயம், பாடம் எடுக்கிறது இங்கிலீஷ் வாத்தியார் மட்டும் இல்ல. கணக்கு வாத்தியார், இஞ்சினியரிங் வாத்தியார் எல்லாரும் எடுப்பாங்க. கடைசி வருஷத்துல 'கிளினிக்'னு ஒரு ப்ராஜெக்ட், 1963லேர்ந்து நடக்குது. நாலஞ்சு பேர் சேர்ந்து, ஒரு கம்பெனி கொண்டு வர்ற நிஜப் பிரச்சினையை ஒரு வருஷம் போட்டுப் பிசைஞ்சு, முடிவுல அந்தக் கம்பெனிக்கு எழுத்து மூலமா ரிப்போர்ட் கொடுக்கணும். காசு கொடுத்தவன் படிக்கப் போற ரிப்போர்ட்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது மினசோட்டாவுல இருக்கிற கார்ல்டன் முறைதான். அங்க எழுத்து ஒரு பரீட்சை கிடையாது. ரெண்டாம் வருஷம் முடியறதுக்குள்ள, அதுவரைக்கும் வேற வேற வகுப்புக்காக எழுதினதுலேர்ந்து மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் பேப்பர் நீங்களே பொறுக்கி எடுத்து ஒரு கட்டா கொடுக்கணும். ஒரே டிப்பார்ட்மெண்ட்ல எழுதினதா இருக்கக்கூடாது. அந்தக் கட்டு மொத்தமா சில விஷயங்களைக் காட்டணும்: கண்ணால பாத்ததை உள்ளபடி பதிவு பண்ணத் தெரியுமா, சிக்கலான தகவலை அலசத் தெரியுமா, அதுக்குப் பொருள் சொல்லத் தெரியுமா, மத்தவங்க எழுதினதை ஆதாரமா எடுத்தாளத் தெரியுமா, ஒரு கருத்தை வெச்சு வாதாடத் தெரியுமா. கூடவே, ஏன் இதையெல்லாம் எடுத்தேன், நான் எப்படி எழுதறவன்னு தன்னைப் பத்தியே ஒரு கட்டுரை. பல டிப்பார்ட்மெண்ட் வாத்தியாருங்க சேர்ந்து உட்கார்ந்து இதைப் படிப்பாங்க.

அந்தப் பட்டியல்ல முதல் ரெண்டைத் திரும்பப் பாருங்க. பாத்ததைப் பதிவு பண்றது, தகவலை அலசறது. இது லேப்ல நடக்கிற வேலை. உங்க உயிரியல் லேப் ரிப்போர்ட்டையே கட்டுல வைக்கலாம். எழுத்துன்னா கவிதைக்கு விளக்கம் சொல்றதுதான்னு நினைச்சிட்டிருக்கிற கணக்குப் பையனுக்கு, "தம்பி, நீ ஏற்கெனவே செய்யறதுக்குப் பேரும் எழுத்துதான்"னு காலேஜே சொல்ற மாதிரி.

ரீட் கதை வேற லெவல். முதல் வருஷம் எல்லாருக்கும் ஹியூமானிட்டீஸ் 110னு ஒரு வருஷக் கோர்ஸ். நீங்க குவாண்டம் பிசிக்ஸுக்காகவே சேர்ந்திருந்தாலும் பழைய நூல்களைப் படிச்சு அதைப் பத்தி எழுதியே தீரணும். கடைசி வருஷம் எல்லாருக்கும், ஆமாங்க எல்லாருக்கும், தீசிஸ். முதுகலைக்கு இல்ல, இளங்கலைக்கு. ஒரு வருஷம் ஒரு பிரச்சினையை எடுத்து எழுதி, நூலகத்துலேர்ந்து பதிவாளர் ஆபீஸ் வரைக்கும் ஊர்வலமாப் போறாங்க, நம்ம ஊர்ல சாமி புறப்பாடு மாதிரி. அதுக்கப்புறம் வாய்மொழித் தேர்வு. அங்க உங்க கைடும் உங்க டிப்பார்ட்மெண்ட் ஆளுங்களும் மட்டும் இல்ல, சம்பந்தமே இல்லாத வேற துறை வாத்தியார் ஒருத்தரும் உட்காருவார். நீங்க எழுதின பிசிக்ஸ் தீசிஸைப் படிச்சிட்டு ஒரு தத்துவ வாத்தியார் கேள்வி கேப்பார். "சார், அது ஸ்டாண்டர்டு ரிசல்ட்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. இது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, கொஞ்சம் பொறாமையாவும்.

பொறாமை எதுக்குன்னா, நம்ம ஊர் இஞ்சினியரிங் காலேஜ்ல எழுத்துன்னா என்னன்னு நமக்குத் தெரியும்ல. முதல் வருஷம் இங்கிலீஷ் பேப்பர், அதுல 'பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம்', 'மழைநீர் சேகரிப்புக்கு எட்டுப் பரிந்துரைகள்'. மனப்பாடம், ஊத்து, மார்க். அப்புறம் இருக்கவே இருக்கு ரெக்கார்டு நோட்டு. வலது பக்கம் நீல மையில எய்ம், அப்பரேட்டஸ், ப்ரொசீஜர். இடது பக்கம் பென்சில்ல சர்க்யூட் படம். கடைசியில 'இவ்வாறாக ஓம் விதி சரிபார்க்கப்பட்டது'. நான் படிச்ச காலேஜ்ல அந்தக் கடைசி வரி சோதனைக்கு முந்தின நாள் ராத்திரியே ஹாஸ்டல்ல எழுதப்பட்டுடும், சீனியர் ரெக்கார்டைப் பாத்து. ஓம் பாவம், நாம லேப்புக்குப் போறதுக்கு முன்னாடியே சரியாயிட்டார். மீட்டர்ல அளவு வேற மாதிரி வந்தா? மீட்டரைத்தான் சந்தேகப்படணும், இல்லாட்டி நம்பரைக் கொஞ்சம் தட்டிக்கணும். ஏன் வேற மாதிரி வந்துச்சுன்னு நாலு வரி எழுதுன்னு நாலு வருஷத்துல ஒரு வாத்தியார் கூட கேக்கலை. கேட்டிருந்தா அன்னைக்குத் திட்டியிருப்போம், அது வேற விஷயம்.

ஆக, சயின்ஸ் பையன் எழுதணுமாங்கற கேள்வியே எனக்குத் தப்பாப் படுது. அவன் எழுதாம சயின்ஸே பண்ண முடியாது. நம்பிக்கை இல்லையா? கணக்கையே எடுத்துக்குவோம், ஏன்னா எழுத்துலேர்ந்து தப்பிக்க ஓடறவன் எல்லாம் ஒளியறது அங்கதான்.

பகா எண்களுக்கு முடிவே கிடையாதுன்னு யூக்ளிட் சொன்ன நிரூபணம் ஞாபகம் இருக்கா? முடிவு இருக்குன்னு வெச்சுக்குவோம். இருக்கிற எல்லாப் பகா எண்ணையும் பெருக்கி ஒண்ணைக் கூட்டுவோம். வர்ற புது எண்ணை லிஸ்ட்ல இருக்கிற எதால வகுத்தாலும் 1 மிச்சம் விழும். அதனால... இந்த 'அதனால'வுக்கு அப்புறம் என்ன எழுதுவீங்க? பத்துல எட்டுப் பேர் "அதனால புது எண் ஒரு பகா எண்"னு எழுதிட்டுப் போயிடுவாங்க (இது நானா போட்ட கணக்கு, சண்டைக்கு வராதீங்க). 2, 3, 5, 7, 11, 13 இந்த ஆறையும் பெருக்கி 1 கூட்டிப் பாருங்க. 30031. அது பகா எண் இல்ல, 59ஐ 509ஆல பெருக்கினா வர்றது. சரியான வாக்கியம் என்னன்னா, "அதனால புது எண்ணுக்கு இருக்கிற பகாக் காரணி எதுவும் நம்ம லிஸ்ட்ல இல்லாதது". நிரூபணம் நிக்கறது அந்த ஒரு வாக்கியத்துல. மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கும்போது ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். எழுதி, இன்னொருத்தர் படிச்சு, "அதனாலங்கறியே, எதனால?"ன்னு கேக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பன்னெண்டாவது வரைக்கும் விடையைக் கட்டம் கட்டிக் காட்டினாப் போதும். காலேஜ்ல அனாலிசிஸ் வகுப்புக்குப் போனா, கேள்வி எல்லாமே 'நிறுவுக'தான். அது முழுக்க முழுக்க உரைநடை. கணக்குல பெரிய ஆளுன்னு போனவன் அங்கதான் தடுக்கி விழறான்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவை கம்ப்யூட்டர் படிச்சவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், குறுக்குவழி கண்டுபிடிக்கிற அல்காரிதம்காரர். கறார் பேர்வழி. அவர் 1975ல எழுதின ஒரு குறிப்புல, நல்ல ப்ரொக்ராமருக்குக் கணக்கு நாட்டத்துக்கு அடுத்தபடியா ரொம்ப முக்கியமான சொத்து, தாய்மொழியில அபாரமான பிடிமானம்னு சொல்றார். கவனிங்க, இங்கிலீஷ்னு சொல்லலை, தாய்மொழின்னு சொல்றார். அவர் ஹாலந்துக்காரர். தமிழ்ல பதிவு எழுதற கோடிங் கும்பலுக்கு இதைவிட நல்ல சர்டிஃபிகேட் கிடையாது, பிரிண்ட் எடுத்து மேனேஜர்கிட்ட காட்டலாம் :-)

சரி, எழுத்து சரியில்லைன்னா என்ன குடி முழுகிடும்? சில சமயம் முழுகிடும்.

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்கலம் கிளம்பி 82 வினாடி இருக்கும், எரிபொருள் தொட்டியிலேர்ந்து ஒரு நுரைத் துண்டு பிய்ஞ்சு இடது இறக்கையில மோதுது. விண்கலம் மேல சுத்திட்டு இருக்கும்போதே, கீழ பொறியாளர்கள் அந்தச் சேதம் ஆபத்தானதான்னு ஆராய்ஞ்சு நாசாவுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டறாங்க. அதுல ஒரு ஸ்லைடு ரொம்பப் பிரபலம். எட்வர்ட் டஃப்டி அதைப் பிரிச்சு மேய்ஞ்சிருக்கார். விபத்தை விசாரிச்ச குழுவும் அதை 2003ல வந்த தன்னோட அறிக்கையில சேர்த்திருக்கு. ஸ்லைடோட தலைப்பைப் படிச்சா பயப்பட ஒண்ணும் இல்லைங்கற மாதிரி இருக்கும். கீழ புள்ளி, புள்ளிக்குள்ள புள்ளின்னு போயிட்டே இருக்கும். 'குறிப்பிடத்தக்க'ன்னு அர்த்தம் வர்ற ஒரே வார்த்தை அஞ்சு தடவை வருது, ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு அர்த்தத்துல. எல்லாத்துக்கும் அடியில, பொடி எழுத்துல, முக்கியமான தகவல் பதுங்கியிருக்கு: சோதனை பண்ணிப் பாத்த துண்டோட அளவு 3 கன அங்குலம், நிஜமா மோதினதோட மதிப்பீடு 1920 கன அங்குலம். 640 மடங்கு! அதாவது கைவசம் இருந்த சோதனைத் தரவே இந்த மோதலுக்குப் பொருந்தாது. தலைப்பா இருக்க வேண்டிய வாக்கியம் அடிமட்டத்துல கிடக்கு.

பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா திரும்பி வரும்போது சிதறிச்சு. கல்பனா சாவ்லாவோட சேர்த்து ஏழு பேர். ஒரு நல்ல பத்தி எழுதியிருந்தா ஏழு பேரும் பிழைச்சிருப்பாங்கன்னு நான் ஜல்லியடிக்கலை. நாசாவோட நிர்வாகத்துல ஆயிரம் ஓட்டை இருந்துச்சு, அறிக்கையே அதைப் பக்கம் பக்கமாச் சொல்லுது. ஆனா அந்த ஸ்லைடைப் போட்டவங்களுக்குக் கணக்கு தெரியாம இல்ல. 3ம் தெரியும், 1920ம் தெரியும். "எங்க சோதனை இதுக்குப் பொருந்தாது, அதனால இது பத்திரமா இல்லையான்னு எங்களால சொல்ல முடியாது"ன்னு எழுவாய், பயனிலை வெச்சு ஒரு முழு வாக்கியம் யாரும் எழுதலை. புள்ளி போட்டு எழுதறதுல ஒரு வசதி, 'அதனால' போட வேண்டாம். ரெண்டு உண்மையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சிட்டு முடிவை எதிராளி தலையில கட்டிடலாம்.

நம்ம பொழப்புல உயிர் எல்லாம் போகாது, சர்வர்தான் போகும். ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ரொடக்ஷன் படுத்துடும். மறுநாள் ஏன் படுத்துச்சுன்னு ஒரு டாக்குமெண்ட் அனுப்பணும். நம்ம பக்கத்துலேர்ந்து போறது எப்பவும் ஒரே மாதிரிதான்: சர்வர்ல ஒரு இஷ்யூ இருந்தது, இப்ப சரி பண்ணியாச்சு, இனிமே வராது. ஓம் விதி சரிபார்க்கப்பட்டது! எங்க கிளையண்ட் பக்கத்துல ஒருத்தர் இருந்தார், இந்த மாதிரி ஒரு சின்னக் காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சவர். அவர் எழுதற டாக்குமெண்ட்ல என்ன பாத்தோம், என்ன நினைச்சோம், எதை முயற்சி பண்ணினோம்னு வரிசையா இருக்கும், கடைசியில 'இன்னும் எங்களுக்குத் தெரியாதவை'ன்னு ஒரு பத்தி இருக்கும். அந்தக் கடைசிப் பத்திதான் அடுத்த தடவை எங்களைக் காப்பாத்தும். எங்க கத்துக்கிட்டீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். ரெண்டாம் வருஷ லேப் ரிப்போர்ட்டை வாத்தியார் மூணு தடவை திருப்பி அனுப்பினாராம், "எதிர்பார்த்தபடி வரலைன்னா அதை ஏன் மறைக்கிறே"ன்னு எழுதி.

இப்ப எதிர்க்கட்சிக்காரங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கிட்டே ஆகணும். எழுத்துக் கட்டாயம்னு ஒண்ணு இருக்குதேன்னு, சயின்ஸ் பையனைப் பிடிச்சு அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வகுப்புல தள்ளி, ஒரு நாவலைப் பத்தி அஞ்சு பக்கம் வாங்கி, டிக் அடிச்சு அனுப்பிட்டா அவன் என்ன கத்துக்குவான்? எழுத்துங்கறது அவங்க வேலை, நம்ம வேலை இல்லைன்னு கத்துக்குவான். நாவல் படிக்கறது ரொம்ப நல்லது, நானும் படிக்கிறேன், அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. என் கட்சி இதுதான்: ஒரு எழுத்துக் கோர்ஸாவது அவனோட சொந்தத் துறையில இருக்கணும், அந்தத் துறை வாத்தியாரே திருத்தணும். 'அதனால' தப்பான இடத்துல விழுந்திருக்குன்னு கணக்கு வாத்தியாரால மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும். இங்கிலீஷ் வாத்தியார் காற்புள்ளியைத்தான் பாப்பார். ஸ்வார்த்மோரும் கார்ல்டனும் ஹார்வி மட்டும் இதை ஏதோ ஒரு விதத்துல புரிஞ்சு வெச்சிருக்காங்க. இதைக் கண்டுக்காம, எழுத்தை மொத்தமா இங்கிலீஷ் டிப்பார்ட்மெண்ட்டுக்குக் குத்தகைக்கு விட்ட இடமா இருந்தா, பையன் புலம்பறதுல தப்பே இல்ல.

"இதனாலதான் அங்கேர்ந்து விஞ்ஞானிங்க வர்றாங்களா?"ன்னு கேட்டா, அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். ஆர்.என்.ஏ. வினையூக்கியாவும் வேலை செய்யும்னு கண்டுபிடிச்சு 1989ல வேதியியல் நோபல் வாங்கின தாமஸ் செக், கிரின்னல்ல படிச்சவர். அவர் 1999ல ஒரு கட்டுரையே எழுதியிருக்கார், மாணவர் எண்ணிக்கையோட ஒப்பிட்டுப் பாத்தா சயின்ஸ்ல பிஎச்.டி. வரைக்கும் போறவங்களை இந்தச் சின்னக் காலேஜ்கள் அதிகமா உருவாக்குதுன்னு. கெமிஸ்ட்ரி அளவுக்கே ஹோமரையும் தாந்தேயையும் ரசிச்சுப் படிச்சேன்னு சொல்றவர் அவர். ஆனா சேர்ற பசங்களே பொறுக்கி எடுத்தவங்க, வகுப்பு சின்னது, முதல் வருஷத்துலேர்ந்தே வாத்தியாரோட லேப்ல நிக்கலாம். இதுல எழுத்தோட பங்கு எவ்வளவுன்னு யார் பிரிச்சுச் சொல்ல முடியும்?

சாட்ஜிபிடி வந்தாச்சே, இனிமே எதுக்கு இதெல்லாம்னு ஆபீஸ்ல ஒரு நண்பர் கேட்டார். 2022 நவம்பர்லேர்ந்து அஞ்சு பக்கக் கட்டுரைக்கு மரியாதை போயிடுச்சுங்கறது உண்மைதான். அஞ்சு பக்கம் கொண்டா, மார்க் வாங்கிக்கோங்கற கட்டாயம் இனிமே செல்லாக்காசு. வந்து சேர்ற பக்கங்களை வெச்சு யார் எழுதினாங்கன்னே சொல்ல முடியாது. ஆனா மூணு தடவை திருப்பி அனுப்பி, எதிர்ல உட்கார வெச்சு, "இந்த 'அதனால' எதனால?"ன்னு கேக்கற முறைக்கு ஒண்ணும் ஆகலை. ரீட்ல அந்தத் தத்துவ வாத்தியார் எதிர்ல சாட்ஜிபிடி வந்து உட்காரப் போறதில்ல. இன்னும் சொன்னா, இப்பத்தான் அதுக்குத் தேவை அதிகம். நான் தினமும் பாக்கறேன், மெஷின் எழுதிக் கொடுத்த கோடும் சரி, விளக்கமும் சரி, படிக்கும்போது வழவழன்னு சரியா இருக்கிற மாதிரியே இருக்கு. 30031 பகா எண்ணுன்னு அது அழகான நடையில எழுதிக் கொடுத்தா, அதை மடக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்ல?

ஆனா இந்த முறைக்கு ஒரு விலை இருக்கு, சும்மா வரலை. நேரடியாவே சொல்றேன், இந்தக் காலேஜ்கள்ல படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து அறிவிச்ச கட்டணம் வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல. உதவித்தொகை தாராளமாத் தர்ற இடங்களும் உண்டு, இருந்தாலும் தலை சுத்தும். அந்தக் காசுல பெரும் பங்கு எங்க போகுதுன்னு யோசிச்சா, யாரோ ஒருத்தர் உட்கார்ந்து படிக்கிறதுக்குப் போகுது. ஸ்வார்த்மோர்ல எட்டு மாணவருக்கு ஒரு வாத்தியார் கணக்கு. பதினஞ்சு பேர் வகுப்புல ஆளுக்கு ஆறு பக்கம், ரெண்டு தடவை திருத்தம்னா வாத்தியார் படிக்க வேண்டியது 180 பக்கம். நம்ம ஊர்ல அறுபது பேர் வகுப்புன்னா 720 பக்கம். அதுவும் ஒரு வகுப்புக்கு மட்டும். மூணு வகுப்பு எடுக்கிற லெக்சரர், நாக் கமிட்டிக்கு ஃபைல் ரெடி பண்ணிட்டே இதைப் படிக்கணும்னு சொன்னா அடிக்க வருவார். அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். ரெக்கார்டு நோட்டைப் புரட்டாம கையெழுத்துப் போடறதுக்கு அவர் வேலைச் சுமையும் ஒரு காரணம்.

ஆனா ஒண்ணு மட்டும் காசில்லாம பண்ணலாம்னு தோணுது. ஸ்வார்த்மோர்ல 1980கள்லேர்ந்தே ஒரு ஏற்பாடு இருக்கு. நல்லா படிக்கத் தெரிஞ்ச சீனியர் பசங்களைப் பொறுக்கி, ஒரு கோர்ஸ் போட்டுப் பழக்கி, மத்த பசங்களோட வரைவைப் படிக்க விடறாங்க. எல்லா டிப்பார்ட்மெண்ட் பசங்களும் இதுல இருக்கலாம். அவங்க மார்க் போட மாட்டாங்க, இலக்கணத்தைத் திருத்தித் தரவும் மாட்டாங்க. படிச்சிட்டு, "எனக்கு இந்த இடம் புரியலை, நீ என்ன சொல்ல வர்றே?"ன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். வாத்தியார் கைக்குப் போறதுக்கு முன்னாடியே பாதிக் குப்பை உதிர்ந்துடும். நம்ம ஊர்ல சீனியர் ரெக்கார்டு ஜூனியருக்குக் காப்பியடிக்கப் போகுது. அதே சீனியர், ஜூனியரோட ரெக்கார்டைப் படிச்சு, "உன் மீட்டர் 4.7 காட்டியிருக்கு, நீ 5னு எழுதியிருக்கே, ஏன்டா?"ன்னு கேட்டா என்ன செலவாகப் போகுது? ஒரு டீ, ரெண்டு வடை. அது தமிழ்லயே நடக்கட்டும், டைக்ஸ்ட்ரா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்.

இஞ்சினியரிங் காலேஜ்ல பாடம் எடுக்கிற பதிவர்கள் ரெண்டு மூணு பேர் இந்தப் பக்கம் வர்றது எனக்குத் தெரியும். ஒரே ஒரு லேப்ல, ஒரே ஒரு செமஸ்டர் இதை முயற்சி பண்ண முடியுமா, இல்ல யுனிவர்சிட்டி ரூல்ஸ் இடிக்குமான்னு சொல்லுங்க. நீங்க படிக்கிற காலத்துல உங்க எழுத்தைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுத வெச்ச வாத்தியார் யாராவது இருந்தாலும் பின்னூட்டத்துல சொல்லுங்க. 'சூப்பர் தல', 'மீ த ஃபர்ஸ்ட்டு' எல்லாம் இந்தப் பதிவுக்கு வேண்டாம் :-)

பி.கு: ஆமாங்க, ஸ்டீவ் ஜாப்ஸ் சேர்ந்த ரீட் காலேஜ் இதேதான். 1972ல சேர்ந்து, ஒரு செமஸ்டர்ல படிப்பை விட்டுட்டு, அப்புறம் கொஞ்ச நாள் அங்கயே சுத்தி எழுத்தழகு வகுப்புல போய் உட்கார்ந்தார். தீசிஸ்லேர்ந்து தப்பிச்ச ஒரே வழி அதுதான் போல.